ரோஜாச் செடிக்கு சிக்னல் இல்லை

“ரோஜாச் செடி எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு மனைவி அப்படியே நின்றுபோனாள். ஒரு கண் மூடியிருந்தது, இன்னொரு கண் திறந்திருந்தது, வாய் பாதிக் கேள்வியில் குவிந்திருந்தது.

“ஹலோ! கேக்குதா? ஹலோ!”

தையல்காரர் போனைக் கிழக்கே திருப்பினார். மேற்கே திருப்பினார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில், உச்சிக்கு ஒரு படி கீழே, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் மனிதர் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்?

அந்த ஊரில் போன் இல்லாத வீடு கிடையாது. போன் எடுக்கிற வீடும் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரத்திலிருந்து வழிதவறி வருகிற கொஞ்சநஞ்ச சிக்னல், இந்த ஏணியின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும். ஆகவே ஊரே ஏணியில் வரிசை கட்டி நிற்கும். ஒருவர் காலடியில் இன்னொருவர் தலை. உச்சியில் இருப்பவர் பேசுவதெல்லாம் கீழே இருப்பவர்களுக்குப் பொதுச்சொத்து.

“ரோஜாச் செடி எப்படி இருக்குன்னு கேக்கறாங்க,” என்று மளிகைக்கடைக்காரர் தனக்குக் கீழே நிற்பவருக்கு அறிவித்தார்.

“எந்தச் செடி? ஆடு தின்னுட்டுப் போச்சே, அதுவா?” என்று அடிப்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. தையல்காரரின் சொந்த அக்கா. டீக்கடை வைத்திருப்பவர், டீயைவிட அவர் வாய் சூடு அதிகம்.

“அக்கா, கொஞ்சம் வாயை மூடு!” என்று தையல்காரர் போனை மார்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டார்.

அமுக்கியதில் படம் அசைந்துவிட்டது. மனைவியின் இரண்டு கண்களும் திறந்தன.

“என்னங்க, செடியைக் கேட்டேனே?”

“பூத்துக் குலுங்குது! காலையில பின்கதவைத் திறந்தா வாசனை ஆளைத் தூக்குது. வீட்டையும் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். நீ வந்து பாத்தா இது நம்ம வீடான்னு நம்பமாட்ட.”

கடைசி வாக்கியம் மட்டும் சத்தியமான உண்மை.

“ஒரே ஒரு தடவை காட்டுங்களேன். வீட்டுக்குள்ள உக்காந்து, அடுப்பு, மிஷின், பின்வாசல், என் செடி... எல்லாத்தையும் பாக்கணும் போல இருக்கு.”

“எப்படிக் காட்டுறது? வீட்டுல சிக்னல் எடுக்கலையே,” என்றார் தையல்காரர். சொல்லும்போது அவருக்கு வருத்தம் பாதி, நிம்மதி பாதி.

அவள் கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்தில், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் வேலை செய்கிறாள். போகும்வரை கடையில் டேப்பை வைத்து அளவெடுத்தது அவள்தான். மிஷினில் உட்கார்ந்து தைத்தது இவர். அவள் போன பிறகு டேப்பை யார் தொடுவது? ‘எனக்கு எதுக்கு டேப்பு? ஆளை ஒரே பார்வை பாத்தா போதும்’ என்று ஆரம்பித்தார். அதிலிருந்து ஊரில் அவருக்கு ‘ஒரே பார்வை’ என்று பெயர் வந்தது. அதிலிருந்து ஊரில் ஒருவருக்கும் சட்டை சரியாகவும் இல்லை. மளிகைக்கடைக்காரர் குனிந்து மூட்டை தூக்குவதை நிறுத்தியே வெகுநாள் ஆகிறது.

அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை இவர் நெஞ்சில் நெடுநாளாகக் கிடக்கிறது. ‘நீ இல்லாம வீடு வீடாவே இல்ல’ என்பதுதான் அது. ஆனால் மளிகைக்கடைக்காரரின் தலைக்கு மேலே நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? சொன்னால் அது சாயங்காலத்துக்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிடும்.

“உடம்பைப் பாத்துக்க,” என்றார்.

“உடம்பைப் பாத்துக்கச் சொல்றாரு,” என்றார் மளிகைக்கடைக்காரர்.

“இன்னிக்கு டவர் ஆபீசர் வர்றாராமே?” என்று கேட்டாள் மனைவி. “நல்லபடியா பேசுங்க. டவர் வந்துட்டா தினமும் வீட்டுல இருந்தே பேசலாம். நாம ரெண்டு பேர் மட்டும்.”

இந்த வருஷம் அந்த மலைப்பக்கத்துக்கே ஒரு டவர்தான். இந்த ஊரா, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊரா என்பதை ஆபீசர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று தகவல் வந்திருந்தது.

“என்கிட்ட விட்டுட்ட இல்ல? டவர் வந்துடுச்சுன்னே வெச்சுக்க. ஆள் வண்டியை விட்டு இறங்கட்டும், ஒரே பார்வையில அளந்துடறேன்.”

“அதான் பயமா இருக்கு,” என்ற மனைவி, மறுபடியும் ஒரு கண் மூடி நின்றுபோனாள்.

டவர் நட்டு முடிக்க எப்படியும் சில மாதம் ஆகும், அதற்குள் ஒரு புதுச் செடி வாங்கி வைத்துப் பூக்கவும் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தையல்காரர் ஏணியை விட்டு இறங்கினார்.

கடையில் ஊர்த் தலைவியம்மா காத்திருந்தார். நல்லவர், எதற்கும் ‘யோசிக்கணும்’ என்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாராவது முடிவு செய்துவிடுவார்கள். பெரும்பாலும் அது தையல்காரராகவே இருக்கும்.

“ஆபீசர் கேட்டா என்ன சொல்றது? உள்ளதை உள்ளபடி சொல்லிடலாமா?”

“உண்மையையா?” தையல்காரர் பதறிப்போனார். “தலைவியம்மா, அது கடைசிக்கு இருக்கட்டும். வேற ஒண்ணும் நடக்கலைன்னா அதைச் சொல்லிக்கலாம்.”

“யோசிக்கணும்...”

“நான் யோசிச்சுட்டேன். வாங்க ஆளில்லாத ஊர்ல எவனாவது கடை போடுவானா? டவர் போடறவங்களும் அப்படித்தான். இந்த ஊர் ஜனங்க போனைக் கீழ வெக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியணும். ஆபீசர் தெருவுல நடக்கும்போது எல்லார் கையிலயும் போன் இருக்கணும். எல்லாரும் பாக்கணும், பேசணும், சிரிக்கணும்.”

“சிக்னலே இல்லாம யார்கூடடா பேசறது?” என்றார் பக்கத்து டீக்கடைக்குத் திரும்பியிருந்த அக்கா.

“நடி, அக்கா. நீ டீன்னு சொல்லிக் குடுக்கற வெந்நீரை நாங்க நடிச்சுக் குடிக்கலையா?”

அக்கா கரண்டியைத் தேடினார். அதற்குள் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் பெட்டியும் ஒயரும் அடைத்துக் கிடந்தன. பின் சீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் மெல்ல இறங்கினார். ஓட்டிவந்தவன் குதித்து இறங்கினான். தையல்காரர் தன் ஒரே பார்வையை வீசினார்.

பெரியவர் போட்டிருந்தது கருநீலக் கோட்டு. கையால் போட்ட காஜா. காலர் கழுத்தோடு படிந்திருந்த விதத்தைப் பார்த்தாலே பெரிய இடத்துத் தையல் என்று தெரிந்தது. ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது. தோள் ஓர் இளைஞருக்கு வெட்டியது போல இருந்தது, வயிற்றில் பித்தானும் காஜாவும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனவே தவிர சேரவில்லை. அதற்கும் தையல்காரர் உடனே விடை கண்டுபிடித்தார். தைக்கும்போது ஒல்லியாக இருந்திருப்பார். பதவி ஏற ஏற வயிறும் ஏறியிருக்கும்.

ஓட்டிவந்தவனைப் பார்க்க அந்த ஒரே பார்வைகூடத் தேவைப்படவில்லை. சாயம் போன அரைக்கைப் பனியன், தோளில் தையல் விட்டிருந்தது. காலில் ரப்பர் செருப்பு. மலைக்காற்றில் இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டான்.

“வணக்கம்ணே. ஊர்த் தலைவர் யாருங்க? வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி...”

“தம்பி, வண்டியை அப்படி ஓரமா போடு. முதல்ல பெரியவங்க பேசட்டும்,” என்றார் தையல்காரர்.

டிரைவர் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சிரித்துவிட்டு, “பேசட்டும், பேசட்டும். எனக்கும் அதுதான் வசதி,” என்று முன் சீட்டிலிருந்து கம்பி முளைத்த ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தான். ஆபீசர் பெட்டியைக்கூட டிரைவர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது என்று தையல்காரருக்குப் பரிதாபமாக இருந்தது.

கோட்டுக்காரருக்கு நாற்காலி வந்தது. நாற்காலிக்கு மெத்தை வந்தது. அக்கா, ஊர் வரலாற்றிலேயே முதல்முறையாக, பாலைக் கண்ணால் பார்த்த டீயைக் கொண்டுவந்து நீட்டினார். தலைவியம்மா விசிறினார். குளிர்காலத்தில் எதற்கு விசிறுகிறோம் என்று அவரும் யோசிக்கவில்லை.

கோட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னை வீட்டுலகூட யாரும் இப்படிக் கவனிச்சதில்லைங்க,” என்றார்.

“பாவம், எந்நேரமும் ஆபீஸ்லயே கிடக்கறாரு,” என்று தையல்காரர் தலைவியம்மாவின் காதில் சொன்னார். “ஆள் இளகிட்டாரு. ஆரம்பிச்சுடலாம்.”

தெருவில் கோட்டுக்காரரை நடத்திக்கொண்டு போனார்கள். ஏற்பாடு பிரமாதமாக இருந்தது. மளிகைக்கடைக்காரர் போனைக் காதில் வைத்து, “ஆமா, கப்பல்லயே அனுப்பிடுங்க!” என்று கத்தினார். இரண்டு பெண்கள் ஒரே போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் மணி காட்டியதைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காரர் அசந்துபோனார்.

“அட, இங்க எல்லாருக்கும் இவ்வளவு ஜோரா எடுக்குதே! எங்க வீட்டுல மாடிக்குப் போனாத்தான் எடுக்கும். இந்த ஊருக்கு எதுக்குங்க இன்னொரு டவர்?”

எல்லாவற்றையும் யோசித்த தையல்காரர் இதை யோசிக்கவில்லை.

“நான் அப்பவே நினைச்சேன்,” என்றார் தலைவியம்மா.

“நினைச்சதைச் சொல்லக்கூடாதா?”

“யோசிச்சுட்டு இருந்தேன்.”

கெட்டுப்போனதைத் திருத்தித் தைப்பதும் தையல்காரர் வேலைதான். கோட்டுக்காரரை மளிகைக்கடைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, கடைக்கு ஓடிப்போய்ப் பாதி தைத்துக் கிடந்த தலையணை உறையை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க ஓடினார்.

“போனைப் போடுங்க! எல்லாரும் போனை இதுல போடுங்க! இனிமே இந்த ஊர்ல போனே கிடையாது!”

“என் பொண்ணு கூப்பிடுவாய்யா!” என்றார் மளிகைக்கடைக்காரர்.

“இங்க வெச்சிருந்தா மட்டும் எடுத்துடுமா? போடுங்க!”

அணைக்கக்கூட நேரமில்லை. ஊரின் போன்கள் எல்லாம் உறைக்குள் விழுந்தன. முன்மாதிரியாக இருக்கட்டுமென்று தையல்காரர் தன் போனைத்தான் முதலில் போட்டார். இப்போது இந்த மூட்டையை எங்கே ஒளிப்பது என்று திரும்பினால், எதிரே டிரைவர் நின்றான்.

“அண்ணே, அந்தத் தண்ணித் தொட்டி மேல கொஞ்சம் ஏறிப் பாக்கலாமா?”

தையல்காரர் அவசரமாகக் கணக்குப் போட்டார். இவன் ஏறுவான், உச்சியில் சிக்னல் எடுக்கும், நேராகப் போய் முதலாளியிடம் ‘ஊர்ல சிக்னல் இருக்குங்க’ என்பான். கதை முடிந்தது.

“தொட்டியா? ஐயய்யோ, ஏணி ஆடுது தம்பி. இறங்கறவங்களைவிட விழறவங்கதான் அதிகம்.” அவன் தோளில் கைபோட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டு போனார். “எனக்கு ஒரு உதவி. இந்த மூட்டையை எடுத்துக்க. அதோ சரிவுல, கடைசியா ஒத்தையா ஒரு வீடு தெரியுதா? என் வீடுதான். அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய பாறை இருக்கு. அங்க போய் நல்லா படுத்துத் தூங்கு. நான் கூப்பிடற வரைக்கும் இறங்கி வராதே.”

“பாறை மேலயா? ஊர்ல ஒருத்தர் அங்க பாம்பு இருக்குன்னாரே?”

தையல்காரர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் துணியை நனைச்சு அங்க காயப் போடுவேன். எல்லாரும் ஏறி மிதிச்சுட்டே இருந்தாங்க. அதான் ஒரு பாம்பைக் கிளப்பி விட்டேன். அதுக்கப்புறம் இத்தனை வருஷமா ஒரு குருவிகூட அங்க ஏறல. சொல்லிச் சொல்லி நானே ஏறறதை விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதே.”

டிரைவர் பாறையை நிமிர்ந்து பார்த்தான். எதையோ அளப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கினான். “உயரமாத்தான் இருக்கு. சரிண்ணே,” என்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினான். தொல்லை விட்டது என்று தையல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மளிகைக்கடையில் கோட்டுக்காரர் தெருவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது? இப்பதான் எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு. ஒண்ணையும் காணோமே?”

“போனா? எங்க ஊர்லயா?” தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “அதெல்லாம் பொம்மைங்க. உங்களைச் சந்தோஷப்படுத்தலாம்னு வெச்சிருந்தாங்க. சிக்னலே இல்லாத ஊர்ல போன் யாரு வாங்குவா? இங்க ஒருத்தர்கிட்டயும் போனே கிடையாதுங்க.”

“ஒருத்தர்கிட்டயுமா?”

“சத்தியமா.”

“அப்ப டவரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? துணி காயப் போடுவீங்களா?”

நியாயமான கேள்விதான். கூட்டம் மொத்தமும் தையல்காரர் முகத்தைப் பார்த்தது. அக்கா மட்டும் பார்க்கவில்லை. தம்பி இப்படி மாட்டிக்கொள்வதைச் சிறுவயதிலிருந்தே பார்த்துச் சலித்தவர் அவர்.

“தொட்டிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்,” என்று மளிகைக்கடைக்காரர் கிசுகிசுத்தார். “நாம படற பாட்டைக் கண்ணால பாக்கட்டும்.”

நல்ல யோசனையாகப் பட்டது. ஊரே தொட்டிக்குப் போனது. வழக்கம்போல ஏணியில் வரிசையாக ஏறி நின்றது. ஒருவர் காலடியில் இன்னொருவர் தலை. ஏறி நின்ற பிறகுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது, கையில் ஒன்றும் இல்லை என்று. போன்கள் எல்லாம் பாறையில் தூங்கிக்கொண்டிருந்தன.

கோட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

“இவங்க எல்லாம் எதுக்கு ஏணியில நிக்கறாங்க?”

உச்சியில் இருந்த மளிகைக்கடைக்காரர், ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, வெறுங்கையைக் காதில் வைத்து, “ஹலோ!” என்றார்.

“காத்து வாங்கறாங்க,” என்றார் தலைவியம்மா. அதை அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

தையல்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கடைசிக்கென்று எடுத்துவைத்திருந்த உண்மையை எடுத்தார்.

“ஐயா, நான் சொன்னது எல்லாம் பொய். போன் எல்லார்கிட்டயும் இருக்கு. சிக்னல்தான் இல்ல. இந்த ஏணி உச்சியில மட்டும் கொஞ்சம் எடுக்கும். என் சம்சாரம் வெளிநாட்டுல வேலை பாக்கறா. தினமும் இங்க ஏறித்தான் அவ முகத்தைப் பாக்கறேன். பாதி நாள் படம் நின்னுடும். மீதி நாள் இவங்க எல்லாம் கேட்டுட்டு இருப்பாங்க. ஒரு புருஷன் பொண்டாட்டிகிட்ட பேசற மாதிரி அவகிட்டப் பேசி எத்தனை காலம் ஆச்சுன்னு எனக்கே தெரியல. அவ பெருசா ஒண்ணும் கேக்கல. அவ வீட்டை ஒரு தடவை பாக்கணும்னு கேக்கறா. அதைக்கூட என்னால காட்ட முடியல.”

மளிகைக்கடைக்காரர், முதல்முறையாக, கேட்டதை யாருக்கும் திருப்பிச் சொல்லவில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?” என்றார்.

கோட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், டவர் வந்துவிட்டது என்று ஊருக்கே தோன்றியது.

“மனசைத் திறந்து பேசினீங்க. நானும் திறந்து பேசறேன்,” என்றார் கோட்டுக்காரர். “எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு போன். சாப்பாட்டுத் தட்டைக் குடுக்கும்போதுகூட யாரும் என் முகத்தைப் பாக்கறதில்ல. இங்க வந்ததுல இருந்து எத்தனை பேர் என் கண்ணைப் பாத்துப் பேசினீங்க! நாற்காலி போட்டீங்க, டீ குடுத்தீங்க, விசிறினீங்க. டவர் வந்தா இதெல்லாம் போயிடும். நான் மட்டும் சொல்ற இடத்துல இருந்தேன்னா, இந்த ஊருக்குள்ள ஒரு கம்பியைக்கூட விடமாட்டேன்.”

தையல்காரர் ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“உபசாரம் பண்ணியே கெடுத்துட்டியேடா,” என்றார் அக்கா. குரலில் சூடே இல்லை. அதுதான் தையல்காரருக்கு இன்னும் வலித்தது.

“மெத்தை போட்டது உங்க யோசனைதான்,” என்றார் ஏணியிலிருந்து ஒருவர், அக்காவைப் பார்த்து. “விசிறினது?” என்றார் இன்னொருவர். தலைவியம்மா யோசிக்க ஆரம்பித்தார்.

தையல்காரர் காதில் எதுவும் விழவில்லை. டவர் அக்கரைக்குப் போய்விட்டது. இனி ஆயுசுக்கும் இந்த ஏணிதான், ஒரு கண் மூடிய மனைவிதான், ‘உடம்பைப் பாத்துக்க’தான். புதுச் செடி வாங்கி நடுகிற வேலைகூட மிச்சம் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் துளிகூட நிம்மதி இல்லை. அவள் செடியை ஆடு தின்ற அன்று வராத அழுகை இப்போது வந்தது.

அப்போது சரிவில் செருப்புச் சத்தம் கேட்டது. பெட்டியை ஒரு தோளிலும் தலையணை உறையை இன்னொரு தோளிலும் போட்டுக்கொண்டு டிரைவர் இறங்கி வந்தான். கூப்பிடாமலேயே வந்துவிட்டான் என்று கோபப்படக்கூடத் தையல்காரருக்குத் தெம்பு இல்லை. அவன் மூட்டையைப் பிரித்து, முதலில் கையில் வந்த போனைத் தையல்காரரிடம் நீட்டினான். அது அவருடைய போன்தான். இன்னும் சூடாக இருந்தது.

“மாமா, வெயில் வந்துடுச்சு, என் கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு வண்டியில ஏறுங்க, அளந்து முடிச்சாச்சு,” என்றான் டிரைவர், கோட்டுக்காரரிடம் கையை நீட்டிக்கொண்டே. “தையக்கார அண்ணே, டவர் உங்க ஊருக்குத்தான், உங்க வீட்டுப் பின்னாடி அந்தப் பாறை மேலதான் வருது, இப்பவே அங்க அவ்வளவு சுத்தமா எடுக்குது, உங்க வீட்டம்மா வீடியோவுல கூப்பிட்டுப் பின்வாசலைக் காட்டச் சொன்னாங்க, மேல இருந்தே நல்லா சுத்திக் காட்டிட்டேன், ஆனா அந்த ரோஜாச் செடி எங்க இருக்குன்னு கேக்கறாங்க.”